ஒளிய இடமில்லாத தெருவில் ஒளிந்துகொள்ளும் பையன்: பதின்வயது மனச்சோர்வை நாவலில் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. வாசப்படியில் பெண்கள் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் வரிசை கட்டும். யார் வீட்டில் என்ன குழம்பு என்று நாலு வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு பதினாறு வயதுப் பையன் மூன்று மாதம் மனச்சோர்வில் கிடந்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. "பையன் வளந்துட்டான், அமைதியாயிட்டான்" என்று பெருமையாகக்கூடப் பேசிக்கொண்டார்கள்.

அவன் எப்படி மறைத்தான் என்ற கேள்வியில்தான் என் நாவல் தொடங்கியது. அதை இரண்டு முறை முழுதாக எழுதித் தூக்கிப்போட்டேன். மூன்றாவது முறைதான் கொஞ்சம் வழி தெரிந்தது. அந்த வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு பையனை வைத்துக்கொள்வோம். பெயர் தினேஷ். காசிமேடு, ப்ளஸ் ஒன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். வீட்டில் ஆயாவும், அதாவது பாட்டியும், உண்டு.

முதல் படி: சோகத்தையும் சோர்வையும் பிரித்துக்கொள்ளுங்கள்

வடசென்னையில் சோகத்துக்கு ஒரு உருவம் இருக்கிறது. சாவு விழுந்தால் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள், மேளம் வரும், ராத்திரி முழுக்க கானா பாடுவார்கள், எடுக்கும்போது வழியெல்லாம் பூ இறைப்பார்கள். அழுவதற்கு ஆள் துணை, இடம், நேரம் எல்லாம் உண்டு. துக்கம் இங்கே சத்தமாக நடக்கிற ஒன்று.

தினேஷுக்கு வந்திருப்பது அது இல்லை. அவனுக்குப் பந்தல் கிடையாது. யாரும் சாகவில்லை, எதுவும் உடையவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. நாளுக்கு நாள் உலகத்தின் சத்தத்தை யாரோ குறைத்துக்கொண்டே வருவது போல இருக்கிறது, அவ்வளவுதான். என் முதல் வரைவில் என் பையன் பக்கத்துக்குப் பக்கம் அழுதான். பிறகுதான் புரிந்தது, அழ முடிந்திருந்தால் அவனுக்கே நிம்மதியாக இருந்திருக்கும். எழுத உட்காரும் முன் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் கதாபாத்திரத்தை ஒரு சாவு வீட்டுக்கு அனுப்பி, எல்லாரும் அழும்போது அவனுக்கு மட்டும் ஒன்றும் வராததை இரண்டு பக்கம் எழுதுங்கள். நாவலில் அந்தப் பக்கங்கள் வராமல் போகலாம். ஆனால் அவன் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: மருத்துவம் சொல்வதைக் கற்றுக்கொண்டு, பிறகு அதைக் கதைக்குள் கரைத்துவிடுங்கள்

மனநல மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றில் 9 அறிகுறிகள் இருக்கின்றன. மனம் வாடிக் கிடப்பது, எதிலும் ஆர்வம் அற்றுப்போவது, பசி அல்லது எடை மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, அசைவுகள் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, களைப்பு, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் குற்றவுணர்ச்சியும், கவனம் சிதறுவது, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது 5, ஏறக்குறைய தினமும், 2 வாரத்துக்காவது தொடர்ந்து இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

எழுத்தாளருக்கு இதில் முக்கியமான செய்தி வேறு ஒன்று. பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் இது சோகமாக வராமல் எரிச்சலாக வரலாம் என்று அதே அளவுகோல் சொல்கிறது. எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, கதவை அறைவது, தங்கை பேனாவை எடுத்தால் கத்துவது. வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் திமிர். "அவங்கப்பன் இல்லாத நேரத்துல ரொம்ப ஆடுறான்" என்பார்கள். உடம்பும் பேசும். தலைவலி, வயிற்றுவலி, காலையில் எழுந்திருக்கவே முடியாத கனம். பலருக்குக் காலைதான் மோசமான நேரம், பொழுது சாய்ந்தால் கொஞ்சம் லேசாகும். சாயங்காலம் அவன் சிரிப்பதைப் பார்க்கிற அம்மா, காலையில் பள்ளிக்கூடம் போகாமலிருக்கத்தான் நடிக்கிறான் என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

இந்தப் பட்டியலை வரிசையாகப் பையன் மேல் ஏற்றிவிடாதீர்கள். மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து அவற்றோடு நீண்ட நேரம் இருங்கள்.

மூன்றாம் படி: ஊரைக் காரணமாக்காதீர்கள்

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வடசென்னை என்றதும் கத்தி, கஞ்சா, குடிகார அப்பா என்று வந்து நிற்கிற கை எனக்கும் இருந்தது. முதல் வரைவில் அப்பாவைக் குடிக்க வைத்தேன், அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பினேன். கொருக்குப்பேட்டையில் இருக்கும் தோழி ஒருத்தி படித்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா ஒரு பீடி கூட புடிக்க மாட்டாரு. என்னை அடிச்சதே இல்ல. எனக்கும் இது இருந்துச்சு. உன் கதையில எனக்கு இடமே இல்லையே?" அந்த ஒரு கேள்வியில் நூற்று எழுபது பக்கம் போயிற்று.

வறுமை, கடன், நெருக்கடி, எண்ணூர் பக்கத்துப் புகை, மழைக்கு வீட்டுக்குள் வரும் தண்ணீர், இவையெல்லாம் ஒரு பிள்ளையின் மனசை அழுத்தும். இல்லை என்று சொல்லவில்லை. பரம்பரை, மூளையின் வேதியியல், தூக்கம், தனிமை என்று பல இழைகள் சேர்ந்துதான் மனச்சோர்வு வருகிறது. ஆனால் "இதனால் அது" என்று நாவலில் ஒரே கோடு போட்டால் இரண்டு அநியாயம் நடக்கிறது. அதே தெருவில் அதே வறுமையில் உற்சாகமாகத் திரிகிற நூறு பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். காரணம் சொல்ல முடியாமல் தவிக்கிற பிள்ளை, "எனக்கு ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் நான் ஏன் இப்படி?" என்று இன்னும் ஒடுங்கிப் போகிறது. காரணம் தெரியாததுதான் அந்தப் பிள்ளையின் பெரிய வேதனை, அதை எடுத்துவிட்டால் நாவலில் மிஞ்சுவது ஒரு கேஸ் கட்டுதான்.

நான்காம் படி: மறைப்பதே கதை

எழுதுகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. நாயகனுக்கு ஒரு ஆசை இருக்க வேண்டும், அதைத் தேடி அவன் நகர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனச்சோர்வில் இருப்பவனுக்கு ஆசையே இல்லை. அவனை வைத்து எப்படி முந்நூறு பக்கம் ஓட்டுவது?

அவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாருக்கும் தெரியக் கூடாது. காலையிலிருந்து ராத்திரி வரை ஓய்வில்லாமல் அதைச் செய்கிறான். சாப்பிட்டேன் என்று சொல்லத் தட்டைக் கழுவி வைக்கிறான். கூட்டாளிகள் கூப்பிட்டால் "டியூஷன்" என்கிறான், டியூஷனில் கேட்டால் "ஆயாவுக்கு உடம்பு சரியில்ல" என்கிறான். ஒரு பொய்யை இன்னொரு ஆளிடம் காப்பாற்ற வேண்டும். யார் யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் நினைவே நிற்காத தலையோடு. துப்பறியும் கதைக்கு உண்டான பதற்றம் இதில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஊர் உங்களுக்குக் கை கொடுக்கும். ஒரே அறை வீட்டில் அஞ்சு பேர் படுக்கிற இடத்தில் தனியாக ஒரு மூலை எங்கே? காமன் பாத்ரூமில் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் இருந்தால் கதவைத் தட்டுவார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட வருவார்கள். கடற்கரைக் கல்லில் போய் உட்கார்ந்தால் தெரிந்த மாமா ஒருத்தர் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் ஓரமாக நடக்கிறான் தினேஷ். அங்கேதான் அவன் முதல்முறையாகத் தன் குரலைச் சத்தமாகக் கேட்கிறான். இப்படி உங்கள் பையன் ஒளிகிற இடங்களைத் தாளில் வரைபடமாகப் போடுங்கள். ஒவ்வொன்றாக அந்த இடங்கள் பறிபோவதுதான் உங்கள் அத்தியாயங்கள்.

காலத்துக்கும் ஒரு சட்டகம் வேண்டும். நான் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொண்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வழக்கமாகப் பல நாள் கடலில் இருக்கிற அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். வலை பின்னுகிறார், படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார், மத்தியானம் வந்து பாயை விரிக்கிறார். வருமானம் இல்லாத கோடை. பள்ளிக்கூடமும் லீவு. ஒருவருக்கொருவர் அதிகம் பேசிப் பழக்கமில்லாத இரண்டு பேர் ஒரே மின்விசிறிக்குக் கீழே 61 நாள். அப்பா படிக்காதவர், ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்தே பழகிய கண். பையன் தலைகீழாகப் பிடித்திருக்கும் புத்தகத்தை அவர் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள், "வாடா, வலைக்கு ஊசி கோத்துக் குடு" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நாற்பது பக்கம் காத்திருந்தேன். காத்திருந்தது வீண் இல்லை.

ஐந்தாம் படி: உள்குரலை யார் குரலில் எழுதுவது?

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தன் நோயாளிகளின் பேச்சைக் கவனித்து ஒரு முக்கோணத்தைச் சொன்னார். தன்னைப் பற்றி, சுற்றியிருக்கும் உலகத்தைப் பற்றி, வரப்போகும் காலத்தைப் பற்றி, மூன்றைப் பற்றியும் மனம் இருட்டாகவே பேசுகிறது. நான் மட்டம், யாருக்கும் நான் தேவையில்லை, இது மாறவே மாறாது. உள்குரலை எழுதும்போது இந்த மூன்றையும் மனதில் வையுங்கள். "எப்பவும்", "ஒண்ணுமே", "யாருமே" என்ற சொற்கள் அந்தக் குரலில் அடிக்கடி வரும்.

ஆனால் தினேஷ் இதை எழுத்துத் தமிழில் யோசிக்க மாட்டான். "என் வாழ்வின் அர்த்தமற்ற வெறுமையில்" என்று ஒரு வரி வந்தால் அது எழுத்தாளருடைய மனசு, அவனுடையது இல்லை. அவன் உள்குரல் மற்றவர்களின் குரல்களைக் கடன் வாங்கிப் பேசும். கணக்கு வாத்தியார் என்றோ சொன்னது, சித்தி கல்யாண வீட்டில் சொன்னது, எல்லாம் "நீ" என்று கூப்பிட்டுக்கொண்டு வரும். இப்படி:

எந்திரி. எந்திரிச்சு என்ன பண்ணப் போற. ஆயா டீ வெச்சிருக்கும், ஆறிடும். ஆறட்டும். ஆறுனா ஆயா அதை எடுத்துனு போய் மறுபடியும் சுட வைக்கும். அதுக்கு முட்டி வலி. உன்னாலதான். எந்திரி.

இதில் சோகம் என்ற சொல் இல்லை. ஒரு டம்ளர் டீயும் ஒரு கிழவியின் முட்டியும்தான் இருக்கின்றன. பிரியம் வைத்திருக்கிறவர்களைப் பற்றிய அக்கறையையே எடுத்து அவனை அடிக்கிற கோலாக்கிக்கொள்கிறது அந்தக் குரல். இதைப் பிடித்துவிட்டால் பாதி நாவல் கைக்கு வந்துவிட்டது.

தன்மையில் எழுதுவதா, படர்க்கையில் எழுதுவதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தன்மையில் எழுதினால் நெருக்கம் கிடைக்கும், ஆனால் முந்நூறு பக்கம் அந்தக் குரலுக்குள்ளேயே இருக்க வாசகருக்கு மூச்சு முட்டும். நான் படர்க்கையில் எழுதி, உள்குரலை மட்டும் மேலே காட்டியபடி இடையிடையே வெட்டினேன். அம்மா, அப்பா, ஆயாவின் பார்வையில் சில அத்தியாயங்கள் வைத்தேன். வாசகருக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு வலி இருக்கிறது.

ஆறாம் படி: அவனுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ருசி போவதைக் காட்டுங்கள்

எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கேரம் மன்றம் உண்டு. 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். தினேஷும் நன்றாக ஆடுகிறவன் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் "அவன் கேரம் ஆடுவதை நிறுத்திவிட்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவன் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு ஆட்டம் இருக்கிறது. அதை எழுதுங்கள்:

ரெட் மூலைப் பாக்கெட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது. ஃபாலோ காய் அதன் பக்கத்திலேயே. தினேஷ் ஸ்ட்ரைக்கரை வைத்தான். இரண்டும் விழுந்தன. பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள், "சூப்பர்ரா." தொங்கும் பல்பு வெளிச்சத்தில் விரலில் ஒட்டியிருந்த பவுடரைப் பார்த்தான். அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்க வேண்டும். மொத்தம் பத்தொன்பது காய். பத்தொன்பதையும் எடுத்து, நடுவில் வைத்து, வட்டமாக அடுக்க வேண்டும். அதை நினைத்ததும் தோள் கனத்தது. "சிறுநீர் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவன் வீட்டுக்கே போய்விட்டான்.

இந்தப் பத்தியிலும் ஒரு தப்பு இருக்கிறது. காசிமேட்டுப் பையன் எவனும் கூட்டாளியிடம் "சிறுநீர்" என்று சொல்ல மாட்டான். எழுதி முடித்து ஆறு மாதம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. "தோ வரேன்" என்று மாற்றினேன். மற்றபடி கவனியுங்கள், கைத்திறன் போகவில்லை, ஆட்டம் ஜெயித்திருக்கிறது. சந்தோஷம் மட்டும் வந்து சேரவில்லை.

ஏழாம் படி: சொற்களில் கவனம்

செய்தித்தாளில் "மன அழுத்தம்" என்று எழுதுவது வேலைப்பளுவுக்கும் ஆகிறது, இந்த நோய்க்கும் ஆகிறது. மனச்சோர்வு என்பதே நோய்க்குச் சரியான சொல். ஆனால் கதாபாத்திரம் இரண்டையும் சொல்லாது. "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லும். அந்த "ஒரு மாதிரி"யை மதித்து எழுதுங்கள். அதற்குள் எல்லாம் இருக்கிறது. இப்போதைய பிள்ளைகள் மொபைலில் சார்ஜ் இறங்கினாலும் "டிப்ரஷன்டா" என்கிறார்கள். அதனால் நிஜமாகவே அந்தச் சொல் தேவைப்படும் நாளில் தினேஷ் அதைச் சொன்னால் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அதுவே ஒரு நல்ல காட்சி.

வட்டார வழக்கு பற்றி ஒரு வார்த்தை. "இன்னா", "கீது" எல்லாம் ஆயா வாயில் சரளமாக வரும், தினேஷ் தலைமுறையில் குறைந்துவிட்டது. எல்லார் வாயிலும் திணித்தால் நகைச்சுவைப் படத்துப் பேச்சாகிவிடும்.

எட்டாம் படி: உதவி எப்படி வருகிறது

முதலில் டாக்டர் வரமாட்டார். ஆயாதான் வருவாள். "கண்ணு பட்டுடுச்சு" என்று கல் உப்பு, மிளகாய், தெருமண் எடுத்துச் சுற்றிப் போடுவாள். தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பார்கள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று நாவலில் திட்டிவிட்டுப் போகாதீர்கள். அதனால் நோய் தீராது, உண்மை. ஆனால் மாதக்கணக்கில் யாரும் தொடாத ஒரு பையனின் தலையை ஒரு கை மூன்று முறை சுற்றுகிறது. அடுப்பில் மிளகாய் வெடிக்கிறது. "நெடியே வரல பாரு" என்கிறாள் ஆயா. யாரோ ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றுகிறது. ஒளிந்திருந்தவன் அங்கேதான் முதலில் பிடிபடுகிறான்.

அடுத்தது ஆஸ்பத்திரி. இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. 1794ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனையின் பெயரால் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரே சென்னையில் வசவாகிவிட்டது. "கீழ்ப்பாக்கம் கேசு" என்று பள்ளிக்கூடத்தில் கலாய்ப்பார்கள். தினேஷின் அம்மா பயப்படுவது நோய்க்கு இல்லை, அந்தச் சொல்லுக்கு. அதனால் அவர் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, யார் பார்த்தாலும் "தலைவலிக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்பதை, சீட்டில் எழுதியிருப்பதை அம்மா மடித்து மடித்து முந்தானையில் முடிவதை நிதானமாக எழுதுங்கள்.

மருந்தைப் பற்றி அவசரப்படாதீர்கள். ஒரு மாத்திரை போட்ட மறுநாள் வெயில் அடிக்காது. இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கும் மேல். முதலில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும் தூக்கம் கெடுவதும் சகஜம். தொடக்க வாரங்களில் சிறு வயதினரிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதனால்தான் டாக்டர் "அடுத்த வாரமே வாங்க" என்பார். பேச்சு வழி சிகிச்சையும் உண்டு, அதற்கும் பல வாரம் ஆகும். 61 நாள் சட்டகம் இங்கேயும் உதவியது. தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும்போது மருந்து மெல்லத்தான் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாம் படி: சாவு நினைப்பை எழுதும்போது

இதில் சமரசமே கூடாது. அந்த நினைப்பு வருகிறது என்று எழுதலாம், எழுத வேண்டும். எப்படி, எதனால், எங்கே என்ற விவரம் வேண்டாம். கடிதம் வேண்டாம். செத்த பிறகு எல்லாரும் வருந்துகிற கனவுக் காட்சி வேண்டவே வேண்டாம். உங்கள் புத்தகத்தை ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொரு தினேஷ் படித்துக்கொண்டிருப்பான். ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நெறிகளும் இதையேதான் சொல்கின்றன. அந்த ராத்திரியைத் தாண்டி வருகிற பையனைக் காட்டுவது வாசகரைக் காப்பாற்றும் என்பதும் அவற்றில் உண்டு.

சட்ட விவரத்திலும் பழைய கதைகளை நம்பாதீர்கள். முயன்று பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் போட்டு மிரட்டுவது போன்ற காட்சி இப்போது பொருந்தாது. அவர் கடுமையான மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே டெலி மானஸ் எண் 14416ஐப் போடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசி சேவை அது, தமிழிலும் பேசலாம். கடைசிப் பக்கத்தில் போட்டால் அதுவரை போக முடியாதவர் இருப்பார்.

பத்தாம் படி: அனுபவப்பட்டவரிடம் படிக்கக் கொடுங்கள்

முடிவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முழுதாகக் குணமாகிக் கோப்பை வாங்கத் தேவையில்லை. என் நாவலில் ஜூன் 15 விடிகாலை அப்பா படகேறுகிறார், பையன் ஐஸ் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுக்கிறான். கை நடுங்குகிறது, பிடித்துவிடுகிறான்.

ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கொடுத்து மருத்துவப் பகுதிகளைச் சரி பாருங்கள். அதைவிட முக்கியம், இதைக் கடந்து வந்த ஒருவர். அந்தக் கொருக்குப்பேட்டைத் தோழிக்கே மூன்றாவது வரைவையும் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். மூன்று வாரமாக எழுந்திருக்கவே முடியாதவன் காலையில் "பல் விளக்கிவிட்டு" வெளியே வருகிறான் என்று நான் கவனமில்லாமல் எழுதியிருந்த வரி அது. ஓரத்தில் எழுதியிருந்தாள்: "பல் விளக்கியிருக்க மாட்டான். பிரஷ்ஷை நனைச்சு வெச்சிருப்பான், அம்மா பாத்தா தெரியறதுக்கு." அந்த வரியை அவள் எழுதியபடியே மாற்றினேன்.